கடன் வாங்கிய பெயரில் ஒரு கல்லூரிப் படிப்பு

இந்தக் காலாண்டின் ஆளுமை: சோஃபி ஜெர்மேன் (1776–1831)



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. நம் வளாகத்தில் பாதி வீடுகளில் கல்லூரி விண்ணப்பமும் கவுன்சலிங்கும்தான் பேச்சு. லிஃப்ட்டில் ஏறினால் கட்-ஆஃப், இறங்கினால் சீட். போன வாரம் எங்கள் பிளாக் பெண் ஒருத்தி பி.எஸ்சி. கணிதம் சேரப்போவதாகச் சொன்னாள். லிஃப்ட் ஐந்தாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வருவதற்குள் மூன்று பேர் அவளைக் கேட்டுவிட்டோம், அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று. ஆம், கேட்டவர்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்தபிறகு மனம் உறுத்தியது. கல்லூரியில் கணிதம் படிக்க ஆசைப்பட்டு, கல்லூரி வாசலையே மிதிக்க முடியாமல் போன ஒரு பெண் நினைவுக்கு வந்தார். இந்த இதழின் ஆளுமைப் பகுதிக்கு அவரையே எடுத்துக்கொண்டேன். கணிதம் என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இதில் வரும் கணக்குக்கு நாள்காட்டியில் கிழமை பார்க்கத் தெரிந்தால் போதும்.

புத்தக அறையில் ஒரு புரட்சிக் காலம்

சோஃபி ஜெர்மேன் 1776 ஏப்ரல் 1 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா வசதியான பட்டு வணிகர். வீட்டில் மூன்று பெண்கள், சோஃபி நடுப்பெண். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது அவருக்கு 13 வயது. அப்பா மூன்றாம் வகுப்பாரின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அரசியலில் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அரசியல் பேசினார்கள். தெருவிலோ கலவரம். வெளியே போக வழியில்லாத பெண் அப்பாவின் புத்தக அறைக்குள் புகுந்துகொண்டாள்.

அங்கே கையில் கிடைத்தது மோந்துக்லா என்பவர் எழுதிய கணித வரலாற்று நூல். அதில் ஆர்க்கிமிடிஸின் முடிவு சொல்லப்பட்டிருந்தது. சிராக்யூஸ் நகரம் ரோமர்களிடம் வீழ்ந்த நாளில், வடிவியல் கணக்கு ஒன்றில் மூழ்கியிருந்த அந்தக் கிழவர், எதிரே வந்து நின்ற படைவீரனைப் பொருட்படுத்தவில்லை. அவன் அவரைக் கொன்றுவிட்டான். உயிர் போவதுகூடத் தெரியாத அளவுக்கு ஒரு மனிதரை இழுத்து வைத்திருக்கும் என்றால் அந்தப் பாடத்தில் என்னதான் இருக்கும் என்று அந்த வயதில் சோஃபிக்குத் தோன்றியது. அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது.

அறையில் இருந்த பெசூவின் கணிதப் பாடநூலைத் தொடங்கினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நியூட்டனும் ஆய்லரும் எழுதியவற்றைப் படிக்க லத்தீன் வேண்டும் என்று தெரிந்ததும், அதையும் தானே கற்றுக்கொண்டார்.

அணைத்த விளக்கு

வீட்டில் இது பிடிக்கவில்லை. பெற்றோர் கொடியவர்கள் அல்லர், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் அந்த அந்தஸ்துள்ள குடும்பத்துப் பெண்ணுக்குக் கொஞ்சம் இசை, கொஞ்சம் இலக்கியம், நல்ல பேச்சு இவை போதும். கணிதம் பெண்ணின் உடம்புக்கும் எதிர்காலத்துக்கும் ஆகாது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அக்கறையில்தான் தடுத்தார்கள்.

எப்படித் தடுத்தார்கள்? இரவில் அவர் அறையில் கணப்பு மூட்டக் கூடாது என்றார்கள். குளிருக்கு உடுத்தும் துணிகளை எடுத்துக்கொண்டார்கள். மெழுகுவர்த்திகளையும் எடுத்துப் போனார்கள். பாரிஸ் குளிர்காலத்தில் நெருப்பும் துணியும் விளக்கும் இல்லாமல் யார் எழுந்து உட்கார்ந்து படிப்பார்கள்?

சோஃபி படித்தார். வீடு உறங்கியதும் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, ஒளித்து வைத்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றி உட்கார்ந்தார். ஒருநாள் காலையில் மேசை மீதே அவர் உறங்கிக் கிடப்பதைப் பெற்றோர் பார்த்தார்கள். மைக்கூட்டில் மை உறைந்திருந்தது. பலகையில் கணக்குகள் நிறைந்திருந்தன. அவரை நன்கு அறிந்த நண்பர் ஒருவர் அவர் மறைந்தபின் எழுதிவைத்த செய்தி இது. அதன்பிறகு வீட்டார் தடுப்பதை விட்டுவிட்டார்கள். அதோடு நிற்கவும் இல்லை. சோஃபி திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை அவருக்குப் பணக் கவலை வராமல் அந்த அப்பாவே பார்த்துக்கொண்டார். விளக்கைப் பறித்த கை பிறகு எண்ணெய் வார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் மூடிய கல்லூரி

1794-இல் பாரிஸில் ஒரு புதிய உயர்கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கு எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் வந்தது. நாட்டின் முதல்தரக் கணித மேதைகள் அங்கே பாடம் நடத்தினார்கள். சோஃபிக்கு 18 வயது. கல்லூரிக்குப் போகவேண்டிய சரியான வயதில் சரியான கல்லூரி அதே ஊரில் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே பெண்களுக்கு இடமில்லை.

அந்தக் கல்விக்கூடத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பேராசிரியர்களின் பாடக்குறிப்புகள் வெளியே கேட்பவர்களுக்கும் கிடைத்தன. மாணவர்கள் பருவ முடிவில் தங்கள் கருத்துகளை எழுதிக் கொடுக்கலாம். சோஃபி பாடக்குறிப்புகளை வாங்கிப் படித்தார். லக்ராஞ்ச் நடத்திய பாடத்தைப் பற்றித் தம் கருத்துகளை எழுதி, கீழே லெ பிளாங்க் என்ற மாணவரின் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்.

லக்ராஞ்ச் அன்றைய ஐரோப்பாவின் மிகப்பெரிய கணித அறிஞர்களில் ஒருவர். அந்தத் தாள்களைப் படித்ததும் இந்த மாணவன் யார் என்று விசாரித்தார். உண்மை வெளியே வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நேரில் போய்ப் பாராட்டினார்.

இதற்குப்பின் பாரிஸ் முழுவதும் சோஃபியைப் பற்றிப் பேச்சு. அறிஞர்கள் பலர் பார்க்க வந்தார்கள். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அதிசயப் பொருளைப் பார்க்க வந்தவர்கள். லலாந்து என்ற வானியலாளர் பெண்களுக்காகவே எளிய வானியல் நூல் ஒன்று எழுதியிருந்தார். 1797-இல் சோஃபியைச் சந்தித்தபோது, முதலில் என் புத்தகத்தைப் படி, பிறகு லாப்லாஸைத் தொடலாம் என்ற பாணியில் பேசிவிட்டார். சோஃபி லாப்லாஸை ஏற்கெனவே படித்து முடித்திருந்தார். அவருக்கு வந்த கோபத்தில் லலாந்து மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். பாராட்டியவர்கள் உண்டு, பார்க்க வந்தவர்கள் உண்டு. வா, உட்கார், முறையாக ஆரம்பத்திலிருந்து சொல்லித்தருகிறேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. இதன் விலையைப் பின்னால் பார்ப்போம்.

எண் கோட்பாடு: ஒரு கிழமைக் கணக்கு

சோஃபியின் மனம் நிலைத்த இடம் எண் கோட்பாடு. இன்று பி.எஸ்சி. கணிதம் எடுக்கும் மாணவர்கள் தனிப் பாடமாகவே இதைப் படிக்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் அது முழு எண்களைப் பற்றிய படிப்புதான். பகா எண்கள் எவை, எந்த எண் எதால் வகுபடும், வகுத்தால் மீதி என்ன வரும் என்று பார்ப்பது.

இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை என்றால், இன்னும் 100 நாள் கழித்து என்ன கிழமை? நாள்காட்டியைப் புரட்ட வேண்டாம். 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. ஞாயிறிலிருந்து இரண்டு தள்ளினால் செவ்வாய். நூறு என்ற பெரிய எண் காணாமல் போய் 2 என்ற மீதி மட்டும் நின்றுவிட்டது அல்லவா? தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் என்ற தலைப்பில் இருப்பது இதுதான்.

இந்த மீதிக் கணக்கை ஒரு முழுமையான கருவியாக்கியவர் ஜெர்மானியரான காஸ். 1801-இல், 24 வயதில், அவர் லத்தீனில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மூன்று கிடைக்கோடுகள் போட்டு மீதிகளின் சமத்தைக் காட்டும் குறியீடு அந்த நூலில்தான் வந்தது. உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்திலும் அதே குறிதான் இருக்கிறது. அந்த நூலை முழுவதும் புரிந்துகொண்டவர்கள் அன்று ஐரோப்பாவிலேயே மிகச் சிலர். அவர்களில் ஒருவர் பாரிஸில் தன் அறையில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சோஃபி.

காஸுக்கு ஒரு கடிதம்

1804 நவம்பரில் சோஃபி காஸுக்குத் தம் கண்டுபிடிப்புகள் சிலவற்றை எழுதி அனுப்பினார். மறுபடியும் லெ பிளாங்க் என்றே கையெழுத்திட்டார். லக்ராஞ்ச் விஷயத்தில் உண்மை தெரிந்தும் கெடுதல் ஒன்றும் நேரவில்லையே, பிறகு ஏன் இந்த வேஷம் என்று நீங்கள் கேட்கலாம். பெண் என்று தெரிந்தால் கடிதத்தைப் படிக்குமுன்பே மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்ற பயம் அவருக்குப் போகவில்லை. கணக்கை மட்டும் பார்க்கட்டும் என்று நினைத்தார். காஸ் பார்த்தார், மகிழ்ந்தார், பதில் எழுதினார். கடிதங்கள் தொடர்ந்தன.

1806 அக்டோபரில் நெப்போலியனின் படை யேனா போரில் பிரஷ்யாவை வென்று, காஸ் வாழ்ந்த பிரன்ஸ்விக் நகருக்குள் நுழைந்தது. செய்தி கேட்ட சோஃபிக்கு 13 வயதில் படித்த கதை நினைவுக்கு வந்தது. நகரம் வீழ்கிறது, படைவீரன் வருகிறான், கணித மேதை ஒருவர் தன் கணக்கில் மூழ்கி இருக்கிறார். பிரெஞ்சுப் படையில் பெர்னெட்டி என்ற தளபதி அவர் குடும்பத்துக்கு வேண்டியவர். காஸுக்கு எந்த ஆபத்தும் வராமல் பார்த்துக்கொள்ளுமாறு சோஃபி அவருக்கு எழுதினார். அவரும் ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தார்.

அந்த அதிகாரி காஸின் வீட்டுக்குப் போய், பாரிஸிலிருந்து செல்வி ஜெர்மேன் உங்கள் நலம் விசாரிக்கச் சொன்னார் என்றார். காஸ் விழித்தார். அந்தப் பெயரில் அவருக்கு யாரையும் தெரியாது.

இனி மறைக்க முடியாது என்று 1807 பிப்ரவரியில் சோஃபி உண்மையை எழுதினார். காஸின் பதில் அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று எழுதப்பட்டது. அது அவருடைய பிறந்தநாள். வியப்பையும் மகிழ்ச்சியையும் மறைக்காமல் எழுதினார். எண்களின் இயல்பை ஆராயும் சுவையே அரிது, அதிலும் உலக வழக்கங்களாலும் முன்முடிவுகளாலும் ஆணைவிடப் பன்மடங்கு தடைகளைச் சந்திக்கும் ஒரு பெண் அவற்றைத் தாண்டி இந்தப் பாடத்தின் ஆழத்துக்கு வந்திருக்கிறாள் என்றால், அவளிடம் மிக உயர்ந்த துணிவும் அசாதாரணத் திறமையும் இருந்தே ஆகவேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். பாராட்டோடு விடாமல், அவர் அனுப்பிய கணக்குகளில் ஒன்றில் இருந்த பிழையையும் காஸ் சுட்டிக்காட்டினார். சோஃபிக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருந்திருக்க முடியாது. பிழையைத் திருத்துவதுதானே ஆசிரியரின் வேலை!

ஆனால் அதே ஆண்டில் காஸ் கோட்டிங்கனில் வானியல் பொறுப்பு ஏற்றார். எண் கோட்பாட்டிலிருந்து அவர் கவனம் நகர்ந்தது. கடிதங்களும் நின்றுபோயின. கிடைத்த ஒரே ஆசிரியரும் போய்விட்டார்.

மூன்று எண்களும் ஒரு பெரிய திட்டமும்

3-இன் வர்க்கம் 9, 4-இன் வர்க்கம் 16. கூட்டினால் 25, அது 5-இன் வர்க்கம். இப்படி இரண்டு வர்க்கங்கள் சேர்ந்து இன்னொரு வர்க்கம் ஆவது உண்டு. இரண்டு கன எண்கள் சேர்ந்து ஒரு கன எண் ஆகுமா? நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு ஆகுமா? ஒருபோதும் ஆகாது என்று 1637-ஐ ஒட்டி ஃபெர்மா தம் புத்தக ஓரத்தில் எழுதிவைத்தார். நிரூபணத்தை எழுதவில்லை. சோஃபியின் காலம்வரை 3, 4 ஆகிய இரண்டு அடுக்குகளுக்கு மட்டுமே விடை கிடைத்திருந்தது. ஒவ்வொரு அடுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்போது முடியும்? எல்லா அடுக்குகளுக்கும் பொதுவான வழி ஒன்றைத் தேடினார் சோஃபி.

அவர் வழியின் ருசியை நீங்களும் பார்க்கலாம். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை உள்ள எண்களின் கனங்கள் 1, 8, 27, 64, 125, 216. ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 1, 1, 6, 1, 6, 6 என்று வரும். 7-ஆல் வகுபடாத எந்த எண்ணின் கனத்தை எடுத்தாலும் மீதி 1 அல்லது 6 மட்டுமே.

இப்போது அப்படிப்பட்ட இரண்டு கனங்களைக் கூட்டுங்கள். 1-உம் 1-உம் சேர்ந்தால் மீதி 2. 1-உம் 6-உம் சேர்ந்தால் 7, அதாவது மீதி 0. 6-உம் 6-உம் சேர்ந்தால் 12, மீதி 5. கூட்டுத்தொகையும் 7-ஆல் வகுபடாத எண்ணின் கனம் என்றால் மீதி 1 அல்லது 6 வந்தாகவேண்டும். வரவே இல்லை. ஆகவே இரண்டு கனங்கள் சேர்ந்து ஒரு கனம் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த மூன்று எண்களில் ஒன்றாவது 7-ஆல் வகுபட்டே தீரவேண்டும். உலகில் உள்ள அத்தனை எண்களையும் ஆறு மீதிகளை வைத்தே ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

சோஃபியின் திட்டம் இதுதான். ஓர் அடுக்குக்கு 7-ஐப் போன்ற துணைப் பகா எண்கள் முடிவில்லாமல் கிடைத்துவிட்டால், அந்த மூன்று எண்களில் ஏதாவது ஒன்று முடிவில்லாத பகா எண்களால் வகுபட வேண்டிவரும். எந்த எண்ணாலும் அது முடியாது. எனவே அப்படி மூன்று எண்கள் இல்லவே இல்லை. ஃபெர்மா சொன்னது சரி என்று ஆகிவிடும். 1819 மே மாதம், பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, காஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இந்தத் திட்டத்தை விவரித்தார்.

திட்டம் நிறைவேறவில்லை. கனங்களுக்கு 7, 13 என்ற இரண்டு துணை எண்களுக்கு மேல் கிடைக்காது என்பதை அவரே கண்டுபிடித்தார். தம் திட்டம் அங்கே ஓடாது என்பதைத் தாமே நிரூபித்து லெஜாந்தருக்கு எழுதினார். ஆனால் அந்த முயற்சியில் ஒரு நிலையான தேற்றம் கிடைத்தது. ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வருவதும் பகா எண்ணாக இருந்தால், அந்த அடுக்குக்கு ஃபெர்மாவின் சமன்பாட்டில் வரும் மூன்று எண்களில் ஒன்று அந்தப் பகா எண்ணாலேயே வகுபட்டாக வேண்டும். அவர் கையாண்ட முறையின்படி 100-க்குக் கீழ் உள்ள எல்லா ஒற்றைப் பகா அடுக்குகளுக்கும் இந்த முடிவு கிடைத்தது. ஃபெர்மாவின் கணக்கில் ஒரே வீச்சில் பல அடுக்குகளைப் பற்றி ஏதாவது சொல்ல முடிந்தது அதுவே முதல்முறை. முழு நிரூபணத்தை 1990-களில்தான் ஆண்ட்ரூ வைல்ஸ் தந்தார்.

இந்தத் தேற்றத்தை சோஃபி தம் பெயரில் வெளியிடவில்லை. லெஜாந்தர் 1820-களில் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பில் இது அவருடையது என்று குறிப்பிட்டார். அவர் செய்ததெல்லாம் அந்த அடிக்குறிப்பு அளவுதான் என்று உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. பாரிஸிலும் ஃபுளோரன்ஸிலும் இருக்கும் அவருடைய கையெழுத்துத் தாள்களை அண்மைக்கால ஆய்வாளர்கள் நிதானமாகப் படித்தபோதுதான், பெரிய திட்டம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது.

2, 3, 5, 11, 23, 29, 41 என வரும் அந்த வகை எண்களுக்கு இன்று சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் என்றே பெயர். 11-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 23, அதுவும் பகா எண். 7-ஐ அப்படிச் செய்தால் 15, ஆகவே 7 இதில் சேராது. இரண்டு கணினிகள் இணையம் வழியே ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ளும் முறை ஒன்றில் இந்த வகையைச் சேர்ந்த மிகப்பெரிய எண்கள் பயன்படுகின்றன. அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்கு இதையே பதிலாகக் காட்டிவிடலாம்தான். ஆனால் சோஃபிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்தான் படித்திருப்பார் என்றும் இல்லை.

ஆசிரியர் இல்லாத குறை

அவர் வாழ்க்கையின் இன்னொரு பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளாட்னி என்ற ஜெர்மானியர், மணல் தூவிய தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, மணல் அழகான கோலங்களாகச் சேர்வதைக் காட்டினார். அதற்குக் கணித விளக்கம் தருபவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1809-இல் அறிவித்தது. கடினம் என்று பலர் ஒதுங்கினார்கள். 1811-இல் வந்த ஒரே கட்டுரை சோஃபியுடையது. அதில் பிழைகள் இருந்தன, பரிசு இல்லை. 1813-இல் மறுபடியும் எழுதினார், கௌரவக் குறிப்பு மட்டும் கிடைத்தது. மூன்றாவது முயற்சிக்கு 1816 ஜனவரியில் பரிசு கிடைத்தது. அந்தக் கழகத்தின் பரிசை வென்ற முதல் பெண் அவர். விழாவுக்கு அவர் போகவில்லை.

அந்தப் பிழைகள் எப்படி வந்தன? அந்த வகைக் கணிதத்தை மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து, பயிற்சி செய்து, திருத்தி வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சோஃபியின் படிப்பில் அங்கங்கே ஓட்டைகள் இருந்தன. எது விட்டுப்போயிருக்கிறது என்று தனியாகப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? பரிசு பெற்ற கட்டுரையிலும் நடுவர்களுக்கு முழுத் திருப்தி இல்லை.

இவரைப் போன்றவர்களின் கதையைச் சொல்லும்போது, திறமை இருந்தால் தடை ஒன்றும் செய்யாது என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. தடை செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. அவர் தாண்டி வந்தார் என்பது உண்மை. தாண்டுவதற்கே எத்தனை ஆண்டுகள் போயின என்பதும் உண்மை.

கடைசி ஆண்டுகள்

1820-களில் ஃபூரியே அறிவியல் கழகத்தின் செயலாளராக இருந்தபோது, சோஃபி அதன் கூட்டங்களில் அமர்ந்து கேட்க வழி செய்து கொடுத்தார். உறுப்பினரின் மனைவியாக இல்லாமல், தம் சொந்தத் தகுதியில் அங்கே அமர்ந்த முதல் பெண் அவர். 1829-இல் மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. வலியோடு எழுதிக்கொண்டே இருந்தார். 1831 ஜூன் 27 அன்று, 55 வயதில் காலமானார். அவருடைய இறப்புப் பதிவில் கணித அறிஞர் என்று எழுதவில்லை, சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்றே எழுதினார்கள்.

பின்னாளில் ஈஃபில் கோபுரம் கட்டியபோது அறிவியல் அறிஞர்கள், பொறியாளர்கள் என 72 பேரின் பெயர்களைப் பொறித்தார்கள். லக்ராஞ்ச், லெஜாந்தர், ஃபூரியே எல்லோரும் இருந்தார்கள். அந்த 72-இல் ஒரு பெண்கூட இல்லை. இன்று பாரிஸில் அவர் பெயரில் ஒரு தெருவும் ஒரு பள்ளியும் இருக்கின்றன. 2003 முதல் அவர் பெயரில் கணிதப் பரிசும் உண்டு.

எக்கோல் பாலிடெக்னிக் பெண்களைச் சேர்த்துக்கொண்டது எப்போது தெரியுமா? 1972-இல். அது தொடங்கி 178 ஆண்டுகளுக்குப் பிறகு.

நம் வளாகத்துக்கு ஒரு விண்ணப்பம்

லிஃப்ட்டில் சந்தித்த அந்தப் பெண்ணுக்கு இன்று லெ பிளாங்க் என்று கையெழுத்திட வேண்டிய அவசியம் இல்லை. தன் பெயரிலேயே விண்ணப்பம் போடலாம், வகுப்பில் முன்வரிசையில் உட்காரலாம், புரியவில்லை என்று கை தூக்கலாம். சோஃபிக்குக் கிடைக்காத அத்தனையும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் அவளுக்கு இருக்கிறது. அதற்குமேல் அவளுக்கு வேண்டியது நம்மிடமிருந்து கொஞ்சம் குறைவான கேள்விகள். நான் கேட்டதற்கு அவளிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். எண் கோட்பாடு எந்தப் பருவத்தில் வருகிறது என்று மட்டும் விசாரித்தேன்.

இன்னொன்று. நம் கிளப் ஹவுஸ் வாசிப்பறை இரவு 9 மணிக்குப் பூட்டப்படுகிறது, மின்கட்டணம் கருதித்தான். அதில் தவறு காண முடியாது. ஆனால் இரண்டு அறை ஃபிளாட்டில் தாத்தா பாட்டி உறங்கியபிறகு விளக்குப் போட இடமில்லாமல், படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேர்வு மாதங்களில் மட்டுமாவது 11 மணிவரை அந்த அறையைத் திறந்துவைக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். இரண்டு டியூப்லைட், ஒரு மின்விசிறி. கூடுதல் செலவை வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு டீ விலைகூட வராது என்றே நினைக்கிறேன். கணக்கைப் பொருளாளர் சரிபார்க்கட்டும். ஆதரிப்பவர்கள் அன்று தவறாமல் வந்து கை தூக்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு புதிர்

1-ஐவிடப் பெரிய ஏதாவது ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்காம் அடுக்கோடு 4-ஐக் கூட்டுங்கள். உதாரணமாக 3 என்றால் 81-உம் 4-உம் சேர்ந்து 85. அது 5 பெருக்கல் 17. 5 என்றால் 625-உம் 4-உம் சேர்ந்து 629. அது 17 பெருக்கல் 37. எந்த எண்ணை எடுத்தாலும் விடை பகா எண்ணாக வராது. ஏன்?

சோஃபி ஜெர்மேனின் பெயரால் வழங்கும் ஒரு முற்றொருமையில் விடை இருக்கிறது. கண்டுபிடிப்பவர்கள் ஒரு தாளில் எழுதி, சங்க அலுவலகப் பெட்டியில் போடுங்கள். உங்கள் சொந்தப் பெயரில்! சரியான விளக்கம் அடுத்த இதழில் வெளியாகும்.